சலூன்காரரின் மெழுகுப்பூக் கொடி

சலூன்காரரின் கண்ணெதிரே எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சட்டைப் பொத்தானில் தொங்கும் நூலோ, துடைப்பத்திலிருந்து பிரிந்து நிற்கும் ஒற்றைக் குச்சியோ, பக்கத்து வீட்டு நாயின் கண்ணை மறைக்கும் மயிரோ, எதுவானாலும் மேல்பாக்கெட்டில் இருக்கும் சின்னக் கத்தரி தானாக வெளியே வந்துவிடும். வெட்டியது அவருக்கே தெரியாது. இவன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை சாப்பிடாதீர்கள், வாய்க்குள் போவதற்கு முன்னால் காம்பைக் கத்தரித்துவிடுவான் என்று அவருடைய அக்கா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த அக்கா கடைக்கு மேல்மாடியில் தம்பியோடு குடியிருந்தாள். புருஷன் போனபிறகு வந்து சேர்ந்தவள். தம்பிக்கு ஐம்பது தாண்டியும் ஒரு துணை அமையவில்லையே என்பது அவளுக்கு நெஞ்சில் தைத்த முள். அமையாமல் போனதற்கும் அவளே சாட்சி. இளவயதில் ஒரு பெண்ணை அறிமுகம் செய்துவைக்கிறேன் என்று தம்பியைக் கூட்டிப்போனாள். இவர் அங்கே இருந்த நேரமெல்லாம் அந்தப் பெண்ணின் அண்ணனுடைய கிருதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் எப்படி என்று வழியில் அக்கா கேட்டதற்கு, "வலது பக்கம் அரை விரல் ஏத்தி வெட்டியிருக்கான் எவனோ" என்றார். அதோடு அக்கா கையை விரித்துவிட்டாள்.

கடையில் இரண்டு நாற்காலிகள். அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து வெட்டிய காலத்தில் வாங்கியவை. அப்பா போனபிறகு ஜன்னலோரத்து நாற்காலி சும்மாவே கிடந்தது. வருகிறவர்கள் அதில் குடையைப் போட்டார்கள், பையைப் போட்டார்கள், ஒருநாள் யாரோ அரைமூட்டை உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு அப்படியே மறந்துபோனார்கள். இதற்கொரு முடிவு கட்ட வேண்டும், அங்கே ஏதாவது லட்சணமாக வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் தெருக்கோடியில் செடிக்கடை வந்தது.

கடைக்காரி நாற்பத்தெட்டு, ஐம்பது வயதுக்காரி. தனி ஆள். பின்பக்கத்து அறையிலேயே குடித்தனம். தெரு அவளுக்குச் செடிக்காரம்மா என்று பேர் வைத்தது. வீட்டுக்குள் வளர்க்கிற பூச்செடிகள் மட்டும்தான் விற்பாள். விற்பாள் என்பதைவிட, கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்து, பிறகு மனசு வந்தால் தருவாள் என்பதுதான் சரி.

முதல் தடவை சலூன்காரர் அவளுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை. உள்ளே நுழைந்தார், ஊதாப் பூ பூத்துக் குலுங்கிய ஆப்பிரிக்கன் வயலட்டைப் பார்த்தார், அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெல்வெட் மாதிரி இலை. இவருக்கோ நாள் முழுக்கக் கையில் தண்ணீர் பாட்டில். வாடிக்கையாளர் தலைக்கு இரண்டு அழுத்து, செடிக்கு இரண்டு அழுத்து. வெல்வெட்டு இலைக்குத் தண்ணீர் ஆகாது. முதலில் புள்ளி விழுந்தது, பிறகு அழுகியது, பிறகு போயே போய்விட்டது. இரண்டாவதாக வாங்கிய பெகோனியாவும் அதே பாட்டில் தண்ணீரில்தான் சாம்பல் பூத்து மாண்டது.

மூன்றாவது தடவை செத்த பெகோனியாவைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய் நின்றார். செடிக்காரம்மா தொட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இனிமே பூத்த செடியை உங்ககிட்ட தர்றதா இல்ல," என்றாள். "பூவைப் பாத்துச் செடி வாங்குறது, சட்டையைப் பாத்து மாப்பிள்ளை எடுக்குற மாதிரி. அது எங்க இருக்கப்போகுது, யார் கையில இருக்கப்போகுதுன்னு பாக்கணும்."

பிறகு விசாரணை நடந்தது. கடையில் சூடான காற்று ஊதும் மெஷின் உண்டா, ஜன்னலுக்குத் திரை உண்டா, விடுமுறைக்கு எங்காவது போவீர்களா, தண்ணீர் பாட்டிலை உங்கள் கையிலிருந்து பிடுங்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு முடியாது என்று உண்மையைச் சொன்னார். அவள் உள்ளே போய் ஒரு சின்னத் தொட்டியோடு வந்தாள். தடித்த, பளபளப்பான பச்சை இலைகளோடு ஒரு கொடி. பூ ஒன்றும் இல்லை.

"மெழுகுப்பூக் கொடி. இலை தடிமன், மேல ரெண்டு சொட்டு விழுந்தாலும் தாங்கும். தாங்குதுன்னு தினமும் குளிப்பாட்டாதீங்க."

"பூக்குமா?"

"பூக்கும். மெழுகுல செஞ்ச நட்சத்திரத்தைக் கொத்தாக் கட்டின மாதிரி இருக்கும். சாயங்காலம் வாசனை கடை வாசல் வரைக்கும் வரும். ஆனா அதுக்கு இஷ்டமானப்பத்தான்."

கொடி ஜன்னலோரத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. ஒரு சின்னக் கம்பி வளையத்தில் அதை ஏற்றிவிட்டார். தினமும் அவரிடம் சவரத்துக்கு வரும் ஓய்வுபெற்ற தபால்காரர், தலையில் ஒரு மயிர்கூட இல்லாத மனுஷர், புது வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தன் நாற்காலியில் உட்காருவார். எனக்கு இல்லாத தழைப்பெல்லாம் அதுக்கு இருக்கு பார் என்பார்.

கொடி நன்றாகத்தான் வளர்ந்தது. பூக்கத்தான் இல்லை. வாரம் ஒருமுறை சலூன்காரர் செடிக்கடைக்குப் போய் நிலவரம் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். திரையை விலக்கி வையுங்கள், வெளிச்சம் போதாமல் இருக்கும். விலக்கினார். மேல்மண் காய்ந்தபிறகு தண்ணீர் விடுங்கள். விரலை விட்டுப் பார்த்துப் பார்த்து விட்டார். பாவம் நெருக்கமாக இருக்கிறதே என்று பெரிய தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள், இந்தக் கொடிக்கு வேர் நெருக்கினால்தான் பூக்கிற எண்ணமே வரும். மாற்றவில்லை. குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள். குறைத்தார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்டதில்லை என்று அக்கா சொன்னாள்.

இந்தப் போக்குவரத்துக்கு நடுவில்தான் அது நேர்ந்தது. செடிக்காரம்மா தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறவள். கண்ணாடிகூடப் பார்ப்பதில்லை போலிருந்தது. இடது பக்கம் நீளம், வலது பக்கம் குட்டை, நடுவில் எப்போதும் கொஞ்சம் மண். முதல் மாதமெல்லாம் அதைப் பார்க்கும்போது சலூன்காரருக்குப் பல் கூசும். ஒருநாள் அவள் குனிந்து தொட்டிக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தாள். அந்த இடது பக்கத்து முடி முன்னால் விழுந்து மூக்கைத் தொட்டது. அவள் உதட்டைக் குவித்து ஊதி ஒதுக்கிக்கொண்டாள். அது அப்படியே இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது. வெட்ட வேண்டும் என்றே தோன்றவில்லை. கடைக்குத் திரும்பி வரும் வழியில்தான் என்ன நடந்திருக்கிறது என்று உறைத்தது.

அக்காவிடம் எதையும் மறைக்க முடியாது. ஒரு காப்பி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாள். செடிக்காரம்மாவிடம் கேட்டுவிட வேண்டியதுதானே என்றாள்.

"எப்படிக்கா கேக்குறது? அவ குடுத்த ரெண்டு செடியைக் கொன்னிருக்கேன். இப்படிப்பட்டவனை நம்பி யார் வருவா? இந்த ஒண்ணைப் பூக்க வச்சுக் காட்டிடுறேன். பூத்த அன்னைக்கே கேட்டுடுறேன்."

"பூக்கலைன்னா?"

"பூக்கும்."

"பூத்துட்டா வாராவாரம் அங்க போறதுக்கு வேற சாக்கு தேடணுமேன்னுதான் உனக்குக் கவலை. எனக்குத் தெரியாதா உன்னை," என்றாள் அக்கா.

அவர் கீழே போய்க் கொடிக்கு முன்னால் நின்றார். வாரக் கடைசி. வாடிக்கையாளர்கள் போனபிறகு, கடையைப் பெருக்குவதற்கு முன்னால், அவர் வழக்கமாகச் செய்கிற ஒரு வேலை இருந்தது. போர்த்துகிற வெள்ளைத் துணியைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினார். சீப்பின் முதுகால் இலைகளை ஒதுக்கினார். இலையே இல்லாத நீளமான தண்டுகள் ஒன்றிரண்டு, கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு, கொடியைவிட்டு வெளியே காற்றில் துழாவிக்கொண்டிருந்தன. தூங்கி எழுந்தவன் தலையில் நட்டுக்கொண்டு நிற்கும் மயிர் மாதிரி. அவற்றை அடியோடு கத்தரித்தார். சுற்றிலும் ஒரு சீராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தார். துணியை உதறினார். கொடி அழகாக இருந்தது.

இது வாராவாரம் நடந்தது. ஆனால் செடிக்காரம்மாவிடம் சொன்ன நிலவரத்தில் இது ஒருநாளும் வரவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. மூச்சு விட்டேன் என்று டாக்டரிடம் யாராவது சொல்வார்களா? அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மழை தொடங்கிய சமயத்தில் அந்தச் சேதி வந்தது. செடிக்காரம்மாவின் கடை வாடகைக் கெடு முடியப்போகிறது. வேறொரு ஊரில் அவளுடைய அண்ணனுக்குப் பெரிய செடிப் பண்ணை. வந்து கூட இரு என்று கூப்பிடுகிறான். குளிர்காலத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவேன் என்று அவளே சொன்னாள். சொல்லும்போது பெகோனியாவின் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. சலூன்காரர் சரி என்றார். அன்றைக்குச் சவரம் செய்துகொண்டவர்கள் எல்லாம் கன்னத்தைத் தடவிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார்கள்.

இனிப் பூவை நம்பிக்கொண்டிருந்தால் கதைக்கு ஆகாது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தம்பியிடம் மூச்சுவிடாமல் செடிக்கடைக்குப் போனாள். தம்பியின் மனசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நீங்கள் கொடுத்த கொடி ஒரு வருஷமாகத் தின்றுவிட்டுத் தூங்குகிறது, கிளம்புவதற்கு முன்னால் வந்து என்னவென்று பார்த்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் உங்கள் கடைக்குத்தான் கெட்டபேர் என்றாள். கடைக்குக் கெட்டபேர் என்றதும் செடிக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. கையைக் கழுவிக்கொண்டு உடனே புறப்பட்டாள்.

அவள் கடைக்குள் வந்தபோது தபால்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் நுரை. சலூன்காரர் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவள் நேராகக் கொடியிடம் போனாள். மண்ணில் விரல் விட்டாள், இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று புரட்டினாள், தொட்டியைத் தட்டிப் பார்த்தாள், ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குக் குழப்பம்.

"இவ்வளவு ஒழுங்கா ஒரு மெழுகுப்பூக் கொடியை நான் பாத்ததே இல்ல," என்றாள் மெதுவாக.

சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்தது. கத்தியை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனார். வெளிச்சத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் ஏதோ சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தில், போன வாரம் தப்பிப் பிழைத்த ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. பேச்சு நிற்கவில்லை. கை மட்டும் போனது. கத்தரி ஒருமுறை திறந்து மூடியது.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்றாள் செடிக்காரம்மா.

"எதை?"

"கையில என்ன இருக்குன்னு பாருங்க."

அவர் கையைப் பார்த்தார். கத்தரி இருந்தது. அது எப்படி வந்தது என்று அவருக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"இதுக்கு முன்னாடியும் வெட்டியிருக்கீங்களா?"

பதில் நுரைக்குள்ளிருந்து வந்தது. "வாராவாரம்மா," என்றார் தபால்காரர். "துணி போத்தி, சீப்பு வச்சு, ராஜ உபசாரம். என் தலைக்குக்கூட இவ்வளவு நேரம் எடுத்ததில்ல."

செடிக்காரம்மா குனிந்து, தரையில் காலையிலிருந்து விழுந்த கறுப்பு மயிருக்கும் நரைமயிருக்கும் நடுவிலிருந்து அந்தத் தண்டைப் பொறுக்கி எடுத்தாள். ஊதித் துடைத்தாள். நுனிக்குக் கொஞ்சம் கீழே கடுகளவுக்கு ஒரு முண்டு இருந்தது. அதை நகத்தால் தொட்டுக் காட்டினாள். இந்தக் கொடி முதலில் இப்படித்தான் மொட்டையாக நீளும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பூக் கொத்து வருவது இந்த முண்டில்தான், ஒருமுறை பூத்த முண்டிலேயே மறுவருஷமும் பூக்கும், அதனால் பூ உதிர்ந்தபிறகும் அதைத் தொடக் கூடாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அப்போ நான்..."

"வாராவாரம் பூவை வெட்டிக் குப்பையில போட்டிருக்கீங்க."

தபால்காரர் சிரித்தார். நுரை கழுத்தில் வழிந்தது. சலூன்காரர் சிரிக்கவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஒரு செடி விஷயத்துக்கு இவ்வளவா என்று அவளுக்குப் புரியவில்லை.

இன்றைக்குக் கையை எடுத்தால் எப்போது பூக்கும் என்று அவர் கேட்டார். வரும் கோடைக்குள் பூக்கலாம் என்றாள். நீங்கள் அதற்குள் போய்விடுவீர்கள் அல்லவா என்று கேட்டார். போய்விடுவேன், பூத்தால் அக்காவிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றாள்.

சலூன்காரர் கத்தரியை மேல்பாக்கெட்டில் போட்டார். உடனே எடுத்துக் கண்ணாடி மேடையில் வைத்தார்.

"இது பூத்ததும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வச்சிருந்தேன்," என்றார்.

"என்ன?"

"பூத்தப்புறம்தான் கேக்கணும்னு."

"அதைத்தான் நீங்க பூக்க விடலையே. கேளுங்க."

அவர் தபால்காரரைப் பார்த்தார். தபால்காரர் கண்ணை மூடித் தூங்குகிறவர் மாதிரி ஆகிவிட்டார். மாடிப்படியில் அக்காவின் செருப்புச் சத்தம் பாதியில் நின்றிருந்தது.

"நீங்க போகாம இருக்க முடியுமான்னு," என்றார் சலூன்காரர். "கடையை வேற இடத்துல பாத்துக்கலாம். நான் சொல்ல வந்தது கடையை இல்ல. என்கூட. இருக்க முடியுமான்னு."

செடிக்காரம்மா கையிலிருந்த தண்டை விரலில் சுற்றினாள், பிரித்தாள். நான் யோசிக்க வேண்டும் என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, பாவம், அவருக்கு நுரை காய்கிறது என்று தபால்காரரைக் காட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சலூன்காரருக்குச் சரியான தண்டனை. கொடியிலிருந்து புதிதாக ஒரு தண்டு கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டு, கண்ணாடியை மறித்து நின்றது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டினார். வாடிக்கையாளர்கள் காவலுக்கு நின்றார்கள். அவர் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால், கையை எடு என்று வரிசையில் காத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து சொன்னார்கள். விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. தபால்காரர் ஓய்வு பெற்றாலும் தொழிலை விடவில்லை.

ஒருநாள் செடிக்காரம்மா வந்தாள். பதில் சொல்வதற்கு முன்னால் என் வீட்டை வந்து பாருங்கள், கத்தரியை வைத்துவிட்டு வாருங்கள் என்றாள்.

கடையை அவருக்குத் தெரியும். பின்பக்கத்து அறையை அன்றைக்குத்தான் பார்த்தார். வாசலின் குறுக்கே ஒரு கொடி தோரணம் மாதிரி தொங்கியது. அதைத் தூக்கிக் கட்டாமல் அவள் குனிந்து போனாள். குனிந்து குனிந்தே பழகியிருப்பாள் போல. உள்ளே ஆர்க்கிட்டுகள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி வேர்களைத் தொட்டிக்கு வெளியே விட்டிருந்தன. வயதான ஜெரேனியம் ஒன்று பாதி இலை உதிர்ந்து, வளைந்து, உச்சியில் ஒரே ஒரு சிவப்புக் கொத்தோடு நாற்காலியின் முதுகில் சாய்ந்திருந்தது. அவர் உட்கார்ந்ததும் ஏதோ ஒன்று காதுக்குள் நுழைந்தது. டீக்கோப்பையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவள் எதிரில் உட்கார்ந்து அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பண்ணையைப் பற்றிச் சொன்னாள். அங்கே எல்லாம் ஒரே உயரமாம். பூத்த அன்றைக்கே லாரி ஏறிவிடுமாம். ஒரு செடிக்கு வயதாகி அங்கே அவள் பார்த்ததே இல்லையாம்.

"ஆசைப்பட்டுப் போறேன்னு சொல்லல," என்றாள். "இங்க இருன்னு யாரும் சொல்லல, அதான். நீங்க சொல்லிட்டீங்க. ஆனா நீங்க எல்லாத்தையும் சீராக்குற ஆளு. நானும் என் வீடும் இப்படித்தான். என்ன தோணுது? உண்மையைச் சொல்லுங்க."

"உண்மையைச் சொன்னா கை அரிக்குது."

"எதைப் பாத்து?"

"எதைன்னு சொல்ல? வாசல்ல தொங்குதே, அதுல ஆரம்பிச்சு எல்லாத்தையும்."

"நான் இல்லாத நேரம் வெட்டிட்டீங்கன்னா? எப்படி உங்களை நம்புறது?"

சலூன்காரர் யோசித்தார். வெட்டமாட்டேன் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் வெட்டுவது அவருக்கே தெரியாமல் நடக்கிற காரியம்.

"நம்பாதீங்க," என்றார். "பாத்துக்கிட்டே இருங்க."

அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். இடது பக்கத்து முடி முகத்தில் விழுந்தது, ஊதிக்கொண்டாள். எழுந்து போய் அவர் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் போட்டு, நான் வரவில்லை, இங்கே எனக்கு ஒரு ஆளைக் கண்காணிக்கிற வேலை வந்திருக்கிறது என்றாள்.

மற்றதெல்லாம் சட்டுச்சட்டென்று பேசி முடிந்தது. வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகைக் கெடுவை நீட்டிக் கேட்பது, இருவரும் அவளுடைய அறையிலேயே குடியிருப்பது, செடிகளை இடம் மாற்றினால் மொட்டு உதிர்த்துவிடும் என்பதால் அவர்தான் இடம் மாறுவது, சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் அக்காவிடம் வருவது.

அவர் திரும்பி வந்தபோது அக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் சட்டையில் ஒரு ஜெரேனியம் இதழ் ஒட்டியிருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி இடம் மாறிப் போவது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சுணக்கமாக இருந்தது. அந்த வீடு வசதியாக இருக்குமா என்று கேட்டாள்.

"வாசல்ல கொடி தொங்குதுக்கா. வெட்டக் கூடாது. போகும்போதும் வரும்போதும் குனிஞ்சுதான் போகணும்."

"அதுக்கென்ன," என்றாள் அக்கா. "ஊர்ல இருக்கிற அத்தனை தலைக்கும் குனிஞ்சு நின்னவன், ஒரு கொடிக்குக் குனிய மாட்டியா? போய் முகத்தைக் கழுவு. சாப்பாடு ஆறுது."